மதுரைச் சமவெளியில் மூளைக்காய்ச்சல்: ஒரு மருத்துவ வரலாறு

மூளைக்காய்ச்சல் என்பது காய்ச்சலோடு நினைவுக் குழப்பம், வலிப்பு, ஆழ்ந்த மயக்கம் ஆகியவை சேர்ந்து வரும் நிலைக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பொதுப்பெயர். மருத்துவ நோக்கில் இது ஒரே நோய் அல்ல. மூளை அழற்சி, மூளையுறை அழற்சி, மூளையைத் தாக்கும் மலேரியா, மூளையுறைக் காசநோய், நச்சுப்பொருள்களால் மூளை பாதிக்கப்படுதல் எனப் பல நோய்கள் இந்தப் பெயருக்குள் அடங்குகின்றன. கடந்த 70 ஆண்டுகளில் தமிழகச் சமவெளியில் பணிபுரிந்த ஒரு மருத்துவர், இந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் எந்த நோயை நினைத்தார் என்பது பலமுறை மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை மருத்துவமனைக்கு வெளியே, நெல்வயலிலும் மாட்டுத்தொழுவத்திலும் எலிப்பொறியிலும் தொடங்கியவை. அவற்றுள் சிலவற்றுக்கு மதுரை நகரமே களமாக இருந்தது.

சன்னியும் மூளைக்காய்ச்சலும்

சித்த மருத்துவ நூல்கள் காய்ச்சலுடன் பிதற்றலும் இழுப்பும் காணும் நிலையைச் சன்னி என்று குறித்து, அதைப் பதின்மூன்று வகையாகப் பிரித்தன. பேச்சு வழக்கில் அது 'ஜன்னி கண்டுவிட்டது' என்றாயிற்று. நோயாளியைப் பார்ப்பவருக்குத் தெரியும் குறிகளை வைத்துப் பெயரிட்ட முறை அது. காரணத்தை வைத்துப் பெயரிடும் முறை நுண்ணுயிரியலோடு வந்தது. மூளைத் தண்டுவட நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கும் முறையை ஜெர்மானிய மருத்துவர் குவின்கே 1891இல் விவரித்தார். அதன் பிறகுதான் சீழ் உண்டாக்கும் பாக்டீரியா, காசநோய், வைரஸ் என்ற பிரிவுகளை நோயாளி உயிரோடு இருக்கும்போதே ஓரளவு பிரித்தறிய முடிந்தது.

இந்தச் சோதனை இன்றுவரை நரம்பியல் மருத்துவத்தின் அடிப்படைக் கருவி. ஆனால் 'முதுகுத்தண்டில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்' என்ற அச்சம் ஊர்ப்புறங்களில் வலுவாக இருந்தது, இன்னும் ஓரளவு இருக்கிறது. பெற்றோர் கையெழுத்திட மறுத்துக் குழந்தையை வீட்டுக்கு எடுத்துச் சென்றால், அந்தக் குழந்தையின் நோய் பதிவேட்டில் காரணம் தெரியாத காய்ச்சலாகவே நின்றுவிடும். மூளைக்காய்ச்சலின் பழைய எண்ணிக்கைகளைப் படிக்கும் மாணவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

வேலூர், 1955

ஜப்பானில் கோடையின் இறுதியில் வரும் மூளை அழற்சி 1870கள் முதலே அறியப்பட்டிருந்தது. 1924இல் அங்கு 6,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 1935இல் இறந்த நோயாளி ஒருவரின் மூளையிலிருந்து வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. வான் எகனாமோ 1917இல் விவரித்த உறக்க நோய் 'ஏ' வகை என்று கொள்ளப்பட்டதால், இது நெடுங்காலம் 'ஜப்பானிய பி மூளை அழற்சி' என்று அழைக்கப்பட்டது. பின்னாளில் 'பி' உதிர்ந்துவிட்டது.

இந்தியாவில் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்ட இடம் வேலூர். 1955இல் அன்றைய வடார்க்காடு மாவட்டத்திலிருந்து காய்ச்சலும் வலிப்புமாகக் குழந்தைகள் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தனர். அங்குக் குழந்தை மருத்துவர்களாக இருந்த வெப், ஷீலா பெரேரா இருவரும் இது பூச்சிகளால் பரவும் வைரஸ் மூளை அழற்சியின் சாயலில் இருப்பதாக 1956இல் எழுதினர். புனேயில் 1952இல் தொடங்கப்பட்டிருந்த வைரஸ் ஆய்வு மையம் (இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம்) சோதனையில் துணைநின்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இந்தியர்களின் இரத்த மாதிரிகளில் இந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்பட்டிருந்தது. எனவே வைரஸ் புதிதாக வந்ததன்று. இங்கேயே இருந்து, வேறு பெயர்களில் மறைந்திருந்தது. வேலூரில் 1958இல் மனித மூளைத் திசுவிலிருந்து பிரித்த பி20778 என்ற வைரஸ் இனம் இன்றும் உலக ஆய்வகங்களில் ஒப்பீட்டுக்குப் பயன்படுகிறது.

இந்தக் கண்டுபிடிப்பு மருத்துவர்களின் கையில் மருந்து எதையும் தரவில்லை. அதுவரை 'ஏதோ மூளைக்காய்ச்சல்' என்று எழுதியவர்கள் 'ஜப்பானிய மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்' என்று எழுதத் தொடங்கினர். நோயின் இயல்பு மட்டும் தெளிவாயிற்று. வைரஸ் தொற்றும் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேர்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் சுமார் 250 தொற்றுக்கு ஒருவருக்கே கடும் நோய் வருகிறது. அப்படி வந்தவர்களில் இறப்பு 30 விழுக்காடு வரை செல்லும். பிழைத்தவர்களில் 20 முதல் 30 விழுக்காட்டினருக்குக் கைகால் முறுக்கம், பேச்சிழப்பு, வலிப்பு, அறிவு வளர்ச்சிக் குறைவு போன்றவை நிலைத்துவிடுகின்றன. காய்ச்சல் குணமாகி வீடு திரும்பிய குழந்தை பின்னர் பள்ளிக்குப் போக முடியாமல் ஆவது இந்த நோயின் பெருந்துயரம். இறப்புக் கணக்கில் அது ஏறுவதில்லை.

பாசனமும் கொசுவும்

இந்த வைரஸ் கொக்கு, மடையான், வக்கா போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகுகிறது. அங்கிருந்து மனிதருக்குக் கொண்டுவருவது முக்கியமாகக் கியூலெக்ஸ் விஷ்ணுயி தொகுதியைச் சேர்ந்த கொசுக்கள். அவற்றுள் கியூலெக்ஸ் ட்ரைடினியோரிங்கஸ் முதன்மையானது. சாக்கடையில் வளரும் நகரக் கொசுவிலிருந்து இது வேறுபட்டது. நாற்று நட்ட சில வாரங்களில் வயலில் தேங்கி நிற்கும், வெயில்படும் நீரே இதன் தொட்டில். பயிர் உயர்ந்து நிழல் விழுந்ததும் புழுக்கள் குறையத் தொடங்கும்.

மதுரைச் சமவெளியின் நெல் வளம் பாசனத்தால் வந்தது. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து வைகைப் படுகைக்கு வந்தது. 1959இல் வைகை அணை வந்தது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை சுமார் 45,000 ஏக்கர் இருபோகப் பாசனப் பகுதியாயிற்று. அதற்கப்பால் மேலூர் வட்டாரம் ஒருபோகப் பகுதி. இவற்றுக்கிடையே நூற்றுக்கணக்கான கண்மாய்கள். சோற்றுக்கு வழிசெய்த இந்த நீர்தான் கொசுவுக்கும் வழிசெய்தது என்று சொல்வது எளிது. முழு உண்மை அவ்வளவு எளிதல்ல. இலங்கையில் மகாவலித் திட்டத்தால் நெல் பெருகிய வடமத்திய மாகாணத்தில், பன்றி வளர்ப்பும் சேர்ந்தபோது, 1985 முதல் சில ஆண்டுகள் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியது. தென்தமிழகத்தில் நெல் இருந்தும் அந்த அளவுக்குப் பரவவில்லை. ஏன் என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதி மதுரையில் கிடைத்தது.

சின்னச்சொக்கிகுளத்து ஆய்வு மையம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980களின் நடுப்பகுதியில் மதுரை சின்னச்சொக்கிகுளத்தில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. பூச்சியியலாளர் ரேச்சல் ரூபன் அதை வழிநடத்தினார். பின்னர் கஜானனா, தியாகி ஆகியோர் பொறுப்பேற்றனர். மதுரை வயல்களிலும், நோய் அதிகம் காணப்பட்ட தென்னார்க்காடு மாவட்டத்து விருத்தாசலம் பகுதியிலும் மையத்தின் வேலை நடந்தது.

பொழுது சாயும் நேரத்தில் மாட்டுத்தொழுவங்களைச் சுற்றிச் செடிகளிலும் சுவர்களிலும் அமரும் கொசுக்களைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடிப்பார்கள். இனம் பிரித்து, தொகுப்புகளாகக் குளிர்நிலையில் வைத்து, வைரஸ் உள்ளதா என்று சோதிப்பார்கள். சோதனை முறைகளில் ஒன்று விந்தையானது. டாக்சோரிங்கைட்டிஸ் என்ற பெருங்கொசு இனம் உண்டு. அது மனிதரைக் கடிப்பதே இல்லை, அதன் புழுக்கள் பிற கொசுப் புழுக்களைத் தின்று வாழ்பவை. வயலில் பிடித்த கொசுக்களை அரைத்து எடுத்த சாற்றை இந்தப் பெருங்கொசுவின் உடலில் செலுத்துவார்கள். வைரஸ் இருந்தால் அதற்குள் பெருகும். பிறகு ஒளிரும் எதிர்ப்பொருளைக் கொண்டு நுண்ணோக்கியில் கண்டறியலாம். தப்பிப் பறந்தாலும் யாரையும் கடிக்காது என்பதால் ஆய்வாளருக்கும் ஊருக்கும் ஆபத்தில்லை.

மையத்தின் முக்கியமான கண்டறிதல்களில் ஒன்று, இந்தக் கொசுக்கள் யாருடைய இரத்தத்தைக் குடிக்கின்றன என்பது. வயிற்றிலுள்ள இரத்தத்தைச் சோதித்தபோது அதில் மிகப் பெரும்பங்கு மாட்டு இரத்தமாக இருந்தது. மாட்டின் உடலில் இந்த வைரஸ் கொசுவுக்குத் திரும்பக் கொடுக்கும் அளவுக்குப் பெருகுவதில்லை. எனவே மாடு நிறைந்த ஊரில் வைரஸின் பெரும்பாலான பயணம் மாட்டிடமே முடிந்துவிடுகிறது. பன்றி மிகுந்து மாடு குறைந்த இடத்தில் கணக்கு மாறுகிறது. தொழுவம் மறைந்து டிராக்டர் வந்த ஊர்களில் இந்தச் சமநிலை என்னவாகும் என்பது இதிலிருந்து இயல்பாக எழும் கேள்வி.

கொசு வீட்டுக்குள் தங்காமல் வெளியே செடிகொடிகளில் தங்குவதால், மலேரியாவுக்குச் செய்வதுபோல் வீட்டுச் சுவரில் மருந்தடித்துப் பயனில்லை. ஆகவே வயலிலேயே புழுவைக் குறைக்க வழி தேடினர். வேளாண் அறிவியலாளர்களுடன் சேர்ந்து நடத்திய சோதனைகளில், நீரைத் தொடர்ந்து தேக்காமல் விட்டுவிட்டுப் பாய்ச்சுவது புழுக்களைக் குறைப்பது தெரிந்தது. உழவர் மொழியில் இதற்குக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று பெயர். விளைச்சலுக்காக ஏற்பட்ட அந்தச் சொற்றொடரில் காய்ச்சல் என்ற சொல் இருப்பது தற்செயல்தான். ஆனால் முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடும் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு உழவர் மட்டும் தம் வயலைக் காயவிட முடியாது. அடுத்த முறை எப்போது நீர் வரும் என்ற நிச்சயம் வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்தால் வயலைக் காயவிடுவது யார் கையிலும் இல்லை.

யூரியா இடுவது கொசுப் புழுக்களைக் கூட்டுகிறது என்பதையும் மதுரை ஆய்வாளர்கள் காட்டினர். தழைச்சத்தின் அளவு ஏற ஏறப் புழுக்களும் ஏறின. அதற்கு மாற்றாக வேப்பம் புண்ணாக்கு பூசிய யூரியாவைச் சோதித்தபோது புழுக்கள் குறைந்தன, பயிரும் கெடவில்லை. 2015இல் இந்திய அரசு நாட்டில் விற்கும் யூரியா முழுவதற்கும் வேம்பு பூச்சைக் கட்டாயமாக்கியது. அது உரச் சிக்கனத்துக்காகவும், மானிய யூரியா தொழிற்சாலைகளுக்குக் கடத்தப்படுவதைத் தடுக்கவும் எடுத்த முடிவு. அதில் பூசப்படும் வேப்பெண்ணெயின் அளவும் சோதனைகளில் இட்ட புண்ணாக்கோடு ஒப்பிடத் தக்கதல்ல.

வார்டில் நடந்த மாற்றங்கள்

மதுரை மருத்துவக் கல்லூரி 1954இல் தொடங்கியது. அதோடு இணைந்த எர்ஸ்கின் மருத்துவமனைதான் இன்றைய அரசு இராஜாஜி மருத்துவமனை. தென்மாவட்டங்கள் பலவற்றுக்கு அதுவே கடைசிப் புகலிடம். இங்குப் பயின்று சிற்றூர்களுக்குச் சென்ற ஒரு மருத்துவர் தம் பணிக்காலத்தில் எவற்றையெல்லாம் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது என்று பார்த்தால் இந்தத் துறையின் வேகம் புரியும்.

முதலாவது, நோயை உறுதிசெய்யும் முறை. வைரஸைப் பிரித்தெடுப்பதும் இரண்டு வார இடைவெளியில் இரு இரத்த மாதிரிகளை ஒப்பிடுவதும் பழைய முறை. முடிவு வரும்போது குழந்தை பிழைத்திருக்கும், அல்லது இறந்திருக்கும். 1980களில் மூளைத் தண்டுவட நீரில் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைக் கண்டறியும் எலைசா சோதனை வந்தது. நோயின் முதல் சில நாள்களில் அது எதிர்மறையாக இருக்கலாம், எனவே ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்ற பாடமும் கூடவே வந்தது. அடுத்து சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் பகுதியை இருபுறமும் தாக்குவதை அவை காட்டின. உணர்ச்சியற்ற முகமும் நடுக்கமும் விறைப்புமாக, பார்க்கின்சன் நோயை ஒத்த தோற்றத்தோடு சில குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தது ஏன் என்பதற்கும் அதில் விடை கிடைத்தது.

சிகிச்சைச் சோதனைகள் ஏமாற்றின. மூளை வீக்கத்தைக் குறைக்க டெக்சாமெத்தசோன் கொடுப்பது அன்று வழக்கம். தாய்லாந்தில் நடந்து 1992இல் வெளியான ஆய்வு அதனால் பயனில்லை என்றது. இன்டர்ஃபெரான் மருந்தும் பயன் தரவில்லை என்று வியட்நாமில் நடந்த ஆய்வு 2003இல் தெரிவித்தது. பயனற்றது என்று தெரிந்த மருந்தை நிறுத்துவதும் மருத்துவர் கற்க வேண்டிய செய்திதான். புதிய மருந்தைத் தொடங்குவதைவிட அது மெதுவாகவே பரவுகிறது.

இதற்கு நேர்மாறானது ஹெர்ப்பிஸ் மூளை அழற்சி. மருந்தில்லாக் காலத்தில் அந்த நோயாளிகளில் 70 விழுக்காட்டினர் இறந்தனர். 1984இலும் 1986இலும் வெளியான இரு ஆய்வுகள் அசைக்ளோவிர் அந்த இறப்பைப் பெருமளவு குறைப்பதைக் காட்டின. அதன் பிறகு, 'வைரஸ் என்றால் மருந்தில்லை' என்ற பொதுவிதி செல்லாது. சோதனை முடிவுக்குக் காத்திராமல் அசைக்ளோவிரைத் தொடங்குவது நடைமுறையாயிற்று.

தடுப்பூசியும் பெயர் மாற்றமும்

எலி மூளையில் தயாரித்த பழைய தடுப்பூசி இமாச்சலத்தின் கசௌலியில் உற்பத்தியானது. தேவைக்கு அது போதவில்லை. 2005இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தை மையமாகக் கொண்டு 5,700க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 1,300க்கும் மேற்பட்டோர் இறந்தபோதுதான் நாடு விழித்தது. 2006இல் சீனாவிலிருந்து எஸ்.ஏ. 14-14-2 என்ற உயிருள்ள தடுப்பூசி வரவழைக்கப்பட்டு நான்கு மாநிலங்களின் 11 மாவட்டங்களில் போடப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பாதிப்புள்ள மாவட்டங்களுக்கும் விரிந்தது. 2013இல் கோலார் வைரஸ் இனத்தைக் கொண்டு இந்தியாவிலேயே தயாரித்த தடுப்பூசி வந்தது. வேலூரில் நோயை அடையாளம் கண்டதற்கும் தமிழகக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி பரவலாகக் கிடைத்ததற்கும் இடையே அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

அதே காலத்தில் உலக சுகாதார நிறுவனம் கண்காணிப்புக்காக ஒரு புதிய வரையறையைத் தந்தது. எந்த வயதினருக்கும், எந்தப் பருவத்திலும், திடீர்க் காய்ச்சலுடன் மனநிலை மாற்றமோ புதிய வலிப்போ வந்தால் அது 'கடும் மூளை அழற்சிக் கூட்டறிகுறி' என்று பதிவாக வேண்டும். குழந்தைகளுக்குக் காய்ச்சலில் வரும் எளிய வலிப்பு மட்டும் விலக்கு. காரணத்தைக் கைவிட்டு மீண்டும் குறிகளை வைத்துப் பெயரிட்டது இந்த வரையறை. ஒரு வகையில் பழைய சன்னியின் முறைக்கே மருத்துவம் திரும்பி வந்தது. விடுபடாமல் எண்ணுவதற்கு இது சிறந்த வழி. ஆனால் வேலைப் பளுவுள்ள மருத்துவமனையில் இந்தக் கூட்டுப்பெயரே நோயறிதலாக நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. பெயர் எழுதியாயிற்று, மருந்து கிடையாது, இனி செய்ய ஒன்றுமில்லை என்ற மனநிலை கோரக்பூரிலும் பிற இடங்களிலும் நீண்ட காலம் நிலவியது.

மருந்துள்ள மூளைக்காய்ச்சல்

தடுப்பூசிக்குப் பிறகும் கோரக்பூரில் நோயாளிகள் வந்துகொண்டே இருந்தனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் சோதனை பெரும்பாலோருக்கு எதிர்மறை. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் மனோஜ் முர்ஹேகர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளின் நோயாளிகளைச் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஸ்க்ரப் டைபஸ் தொற்று இருந்ததற்கான சான்று கிடைத்தது. இது ஒரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியாவால் வருவது. டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையால் குணமாவது.

இந்த நோயும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் அசாம்-பர்மா எல்லையில் படைவீரர்கள் பலரை வீழ்த்தியது. 1948இல் கோலாலம்பூரில் ஜோசப் ஸ்மேடலின் குழு குளோரம்பெனிகால் இதைக் குணப்படுத்துவதைக் காட்டியது. பிறகு இந்திய மருத்துவர்களின் நினைவிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. காரணம் தெரியாத காய்ச்சலுக்கெல்லாம் குளோரம்பெனிகாலும் டெட்ராசைக்ளினும் எழுதிய காலத்தில் இது பெயர் தெரியாமலே குணமாகியிருக்கக்கூடும். செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகள் அந்த இடத்தைப் பிடித்தபின், அவற்றுக்கு இது அசையாது என்பதால், நோய் மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தது. 2000க்குப் பிறகு வேலூரிலிருந்தும் தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்தும் அறிக்கைகள் தொடர்ந்து வந்தன.

செய்தித்தாள்கள் இதை 'உண்ணிக் காய்ச்சல்' என்கின்றன. அது சற்றுப் பிழையான பெயர். மாட்டிலும் நாயிலும் ஒட்டும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. புதர்களில் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ட்ராம்பிகுலிட் சிற்றுண்ணியின் இளம்பருவமே பரப்புகிறது. இந்தச் சிற்றுண்ணி எலிகளிலும் மூஞ்சூறுகளிலும் தொற்றி வாழ்கிறது. நெல்வயல் கொசுக்களுக்காகத் தொடங்கிய மதுரை மையம் பின்னாளில் எலிகளையும் மூஞ்சூறுகளையும் பொறிவைத்துப் பிடித்து, அவற்றின் காதோரங்களில் ஒட்டியிருக்கும் சிற்றுண்ணிகளை எண்ணி இனம் பிரிக்கும் வேலையிலும் இறங்கியது. இன்று அது புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் களநிலையமாக இயங்குகிறது.

மருத்துவர் படுக்கையருகே கற்க வேண்டிய பாடம் இங்கு மிக எளிது. சிற்றுண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கரும்பொருக்கு இருக்கும். அது வலிக்காது, அரிக்காது; நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி, இடுப்பில் ஆடை இறுகும் இடம் ஆகியவற்றில் மறைந்திருக்கும். கருநிறத் தோலில் தேடினால்தான் கிடைக்கும். எல்லோருக்கும் இருப்பதுமில்லை. கூட்டம் நிறைந்த பொது வார்டில் ஒரு பெண்ணின் உடலை முழுமையாகப் பார்க்கத் திரையும் செவிலியரும் நேரமும் வேண்டும். பல சமயம் நோயறிதல் தவறுவது அறிவுக் குறைவால் அல்ல, இந்த மூன்றும் இல்லாததால்.

தண்டுவட நீர்ச் சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்க்ரப் டைபஸில் லிம்போசைட் அணுக்களும் புரதமும் சற்று உயர்ந்து, பார்ப்பதற்கு மூளையுறைக் காசநோய் போலவே இருக்கும். காசநோயில் சர்க்கரை அளவு நன்கு குறைந்திருப்பதும் நோய் வாரக்கணக்கில் மெதுவாக முற்றியிருப்பதும் வேறுபாடு காட்டும். ஒன்றுக்குச் சில நாள் சிகிச்சை, மற்றொன்றுக்கு மாதக்கணக்கில். இரண்டையும் மாற்றிக் கருதினால் இருபுறமும் இழப்புதான். பருவமும் உதவுவதில்லை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னான குளிர்மாதங்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ், டெங்கு மூன்றும் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் கிடக்கலாம்.

அதனால் சோதனை முடிவு வருமுன்னரே டாக்சிசைக்ளினைச் சேர்த்துக் கொடுப்பது மெல்ல வழக்கமாயிற்று. உத்தரப் பிரதேசத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, மூளை பாதிக்குமுன், காய்ச்சல் நிலையில் இதைக் கொடுக்கும் வழிகாட்டுதல் வந்தது. குழந்தைகளின் பல்லில் கறை படியும் என்று பாடநூல்கள் சொன்னதால் எட்டு வயதுக்குக் கீழ் டாக்சிசைக்ளினைத் தவிர்த்துவந்த வழக்கமும் தளர்ந்தது. குறுகிய காலச் சிகிச்சையில் அந்தக் கறை ஏற்படுவதில்லை என்று பின்னர் தெரிந்தது.

2023இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு வெளியானது. கடும் ஸ்க்ரப் டைபஸ் கண்ட 794 நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டனர். இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் தணியாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றோரில் 47 விழுக்காடு, அசித்ரோமைசின் மட்டும் பெற்றோரில் 48 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துப் பெற்றோரில் 33 விழுக்காடு. இறப்பை மட்டும் தனியே எடுத்தால் மூன்று குழுக்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. சேர்க்கைச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது செய்தி அடிக்கடி விடுபட்டுப்போகிறது.

பட்டியலின் எஞ்சிய பெயர்கள்

2003இல் ஆந்திரத்தில் குழந்தைகளிடையே பரவிய கொள்ளைநோயில் சண்டிபுரா வைரஸ் கண்டறியப்பட்டது. பீகாரின் முசாபர்பூரில் ஆண்டுதோறும் கோடையில் குழந்தைகளைக் கொன்றுவந்தது மூளை அழற்சியே அல்ல. பசித்த வயிற்றோடு லிச்சிப் பழம் தின்ற, ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளின் இரத்தச் சர்க்கரை வீழ்ந்ததே காரணம். வேலூரில் நெடுங்காலம் பணியாற்றிய வைரஸ் ஆய்வாளர் ஜேக்கப் ஜான் இதை வலியுறுத்தியவர்களில் ஒருவர். அந்தக் குழந்தைகளுக்கு உடனே வேண்டியிருந்தது நரம்பு வழியே குளுக்கோஸ்.

2007இல் ஜோசப் டால்மாவின் குழு விவரித்த என்.எம்.டி.ஏ. எதிர்ப்பொருள் மூளை அழற்சி வேறொரு திசையில் பார்க்க வைத்தது. இளம்பெண்களிடம் அதிகம் காணும் இந்த நோய், பயம், பிதற்றல், உறக்கமின்மை என்று மனநோய்போலத் தொடங்கி, பிறகு வலிப்பும் விந்தையான வாயசைவுகளுமாக மாறும். சிலருக்குச் சினைப்பையில் கட்டி இருக்கும். முதலில் மந்திரிப்பவரிடமும் அடுத்து மனநல மருத்துவரிடமும் செல்லும் நோயாளி நரம்பியல் மருத்துவரை அடையும்போது வாரங்கள் கடந்திருக்கும். உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் சிகிச்சையால் பெரும்பாலோர் தேறுகின்றனர். பழைய பதிவேடுகளில் காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல் என்று முடிந்தவர்களில் எத்தனை பேருக்கு இது இருந்தது என்று இனி அறிய வழியில்லை.

இன்று மதுரைச் சமவெளியின் ஒரு வட்டார மருத்துவமனைக்குக் காய்ச்சலும் குழப்பமுமாக ஒருவர் வந்தால், சர்க்கரை அளவைப் பார்த்து, மலேரியாவுக்குச் சோதித்து, உடலில் கரும்பொருக்கைத் தேடி, தண்டுவட நீரை எடுத்து, செஃப்ட்ரியாக்சோன், அசைக்ளோவிர், டாக்சிசைக்ளின் மூன்றையும் தொடங்கி, முடிவுகள் வர வரத் தேவையற்றதை நிறுத்துவது பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. இவற்றுள் எதுவும் 1955இல் வேலூரில் அந்தக் குழந்தைகளுக்கு ஊசி போட்ட மருத்துவரின் கைவசம் இந்த வரிசையில் இல்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான நேரடி மருந்து மட்டும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.